இல்லாத நர்சுக்கு வந்த கடிதம்

அந்த வருடங்களில் நான் போலீஸ்காரன் என்பது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. காக்கிச் சட்டை பீரோவின் அடித்தட்டில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. உளவு வேலையில் ஏட்டாக இருந்தேன். உளவு என்றதும் ஆட்கள் என்னென்னவோ நினைத்துக்கொள்வார்கள். எனக்கு இருந்தது ஒரு பழைய மொபெட்டும் ஒரு குட்டி நோட்டும்தான். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் என்று சுற்ற வேண்டும், டீக்கடைகளில் உட்கார வேண்டும். எந்தத் தெருவில் போஸ்டரைக் கிழித்தார்கள், எந்தக் கம்பெனியில் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள் என்று காதில் விழுவதைச் சாயங்காலம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றும் அகப்படாத நாளில் ‘விசேஷம் ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

அந்த இரண்டு வார்த்தையை ஒருமுறை தப்பாக எழுதிவிட்டேன். ஒரு ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். விசேஷம் ஏதுமில்லை என்று எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் இரண்டு தெருக்காரர்களுக்கும் அடிதடி. எனக்கு முந்தின நாள் மோர் கொடுத்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்துபோனார். அதிகாரிகள் என்னைத் திட்டக்கூட இல்லை. ‘உனக்கு எப்படிய்யா தெரியும்’ என்று விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் பையை இறுக்கிப் பிடித்தால் ஏன் என்று தோன்றும். தெருவில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால் எதற்கு நிறுத்தினார்கள் என்று தோன்றும். வீட்டுக்கு வந்தால் குழாயடியில் யார் யார் நின்றார்கள், என்ன பேசினார்கள் என்று என் மனைவியிடம் கேட்பேன். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சுருக்கமாகச் சொன்னாள். ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்தவள் பையிலிருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“எந் தம்பி பேரு எதுக்கு இதுல இருக்கு?”

அவள் தம்பி சிவகாசியில் ஒரு அச்சாபீசில் வேலை பார்த்தான். ஒரு நோட்டீஸ் அச்சடித்த விஷயமாக அவன் பேரை எழுதி வைத்திருந்தேன். அதை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

“வெளக்க வேண்டாம். நாளைக்கு எம் பேரும் இதுல வரும்,” என்றாள். அந்த வாரமே சாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் சமாதானம் பேசப் போயிருப்பேன். அமைதியாக இரண்டு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஈராக்கில் சண்டை வரப்போகிறது என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த மாசி மாதம் அது. அமெரிக்காவில் அந்தக் கோபுரங்கள் விழுந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. உலகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் சூலக்கரைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்த எங்கள் ஆபீசுக்கு ஒரு தாள் வந்துவிடும். உங்கள் பக்கத்து அலுமினியப் பவுடர், வெடியுப்பு, கந்தகமெல்லாம் கம்பெனிகளில் சரியாக இருக்கிறதா பார் என்று அதில் எழுதியிருக்கும். எங்கேயோ பாலியில், எங்கேயோ மாஸ்கோவில் ஆட்கள் செத்ததற்கு நான் மொபெட்டை மிதித்துக்கொண்டு வெம்பக்கோட்டை ரோட்டில் போவேன்.

ஒருநாள் காலையில் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

“யோவ், சிவகாசில ஒரு பிரவுசிங் சென்டர்க்காரன் தகவல் குடுத்திருக்கான். ஒரு ஆளு மூணு நாளா வந்து விஷவாயு, விஷவாயுன்னே தேடிக்கிட்டு இருக்கானாம். பிரிண்டு வேற எடுத்துட்டுப் போயிருக்கான். ஆளு யாரு தெரியுமா? பட்டாசுக் கம்பெனில மருந்து கலக்குற எடத்துல போர்மேன். கெமிஸ்ட்ரி படிச்சவன்.”

“வெளிநாட்டுத் தொடர்பு ஏதும் இருக்காய்யா?”

“அத நீ கண்டுபிடி. இந்தத் தடவ விசேஷம் ஏதுமில்லைன்னு எழுதிக்கிட்டு வராத.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்போதே சிவகாசிக்குக் கிளம்பினேன்.

இரண்டு நாளில் ஆளை அடையாளம் கண்டுவிட்டேன். நாற்பது வயசிருக்கும். ஒல்லியாக, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, சைக்கிளில் போவார். ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் வரிசையாக நாலு ஓட்டு வீடுகள். அதில் கடைசி வீட்டில் எட்டு வயது மகளோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு பஜாரில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து உட்கார்ந்தார். பதினொரு மணி வாக்கில் பூத்துப் போன் அடித்தது. அவர் எடுத்துப் பேசினார், மகள் பேசினாள், மறுபடி அவர் பேசினார். அவர்கள் போனபிறகு பூத்துக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். குவைத்திலிருந்து வருகிற போன் என்றார். அவர் மனைவி அங்கே ஆஸ்பத்திரியில் நர்சு. ஞாயிறு தவறினாலும் அந்தப் போன் தவறாது.

குவைத் ஈராக்குக்குப் பக்கத்து நாடு, சண்டை வந்தால் ஈராக் அங்கே விஷவாயுக் குண்டு போடும் என்பது அப்போதுதான் எல்லார் வாயிலும் அடிபட்டுக்கொண்டிருந்தது. மனைவி அங்கே இருக்கிறாள், அதனால் விஷவாயுவைப் பற்றிப் படிக்கிறார். விஷயம் இவ்வளவுதான் என்று எனக்கு அந்த பூத்திலேயே பட்டது. இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

“நர்சா இருந்தா என்னய்யா? அங்கன இருந்து யாரு எதச் சொல்லி விடுறான்னு நமக்குத் தெரியுமா? பக்கத்துல போ. பழகு,” என்றார்.

பழகினேன். அதற்கு ஒரு பொய் வேண்டியிருந்தது. விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டியில் லோடு ஏற்றுகிற இடத்தில் மேற்பார்வை பார்க்கிறவன், என் மனைவியும் நர்சு, அவளை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன், இதுதான் பொய். சிவகாசிக்குக் கிளம்பும் முன்னால் மண்டிக்குப் போய், அடுக்கி வைத்த வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் கால் மணி நேரம் நிற்பேன். சட்டையில் நெடி ஏறிவிடும். தும்மிக்கொண்டே போவேன்.

அடுத்த ஞாயிறு பூத்தில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பேசி முடித்ததும் கேட்டேன்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்கக் கூடாது. குவைத்துக்கா பேசுனீக? எங்க வீட்டுலயும் நர்சுதான். அனுப்பலாமான்னு ஒரே கொழப்பமா இருக்கு.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஊரில் அவர் கவலையைப் புரிந்துகொள்கிற ஆள் ஒருவரும் இல்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பட்டாசுக் கம்பெனியில் அவரிடம் மற்றவர்கள் கேட்டதெல்லாம் ‘ஒங்களுக்கென்ன, வீட்டுல பாரின்ல இருக்காக’ என்பதுதான்.

“எங்க படிச்சாக? எத்தன வருசம் சர்வீசு?” என்று கேட்டார்.

அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு மனைவி பிறந்தாள். நாகர்கோவில் பக்கம் படித்தவள், ஐந்து வருட சர்வீஸ், பிரசவ வார்டில் வேலை, பயந்த சுபாவம். பொய்யை யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் மாதிரி வந்தது. சாத்தூரில் இருக்கிற என் மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் அவ்வளவு வேகமாகச் சொல்லியிருப்பேனா தெரியாது.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் அவரைப் பார்த்தேன். கம்பெனி விட்டதும் ரோட்டோரம் ஒரு டீக்கடையில் நிற்போம். ஞாயிற்றுக்கிழமை ஆனைக்குட்டம் அணைக்கரையில் போய் உட்காருவோம். மகள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு திரிவாள். என்னை ‘மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அவர் பேசிக்கொண்டே இருப்பார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தின குவைத் சண்டையின்போது அங்கே என்ன நடந்தது, சண்டை வந்தால் விமானம் உண்டா, ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாமே, அது சட்டமா என்று கேட்பார். எனக்கு என்ன தெரியும்? தலையாட்டுவேன். வீட்டுக்குப் போய் அத்தனையும் எழுதுவேன்.

“தங்கச்சிய ஒருநா கூட்டிட்டு வாங்களேன். புள்ளைக்கும் ஒரு பொம்பள ஆளப் பாத்த மாதிரி இருக்கும்,” என்றார்.

“தலைசுத்தல் அண்ணாச்சி. வெயில்ல பஸ் ஏறுனா வாந்தி எடுத்துருவா.”

“அப்ப வேண்டாம், வேண்டாம்,” என்று பதறினார். “எலுமிச்சம்பழம் கையில வச்சிக்கிரச் சொல்லுங்க.”

பங்குனி பிறந்தபோது ஒருநாள் டீக்கடையில் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவர் மனைவி மெயில் அனுப்பியிருந்தார். தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார். அதை அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“தங்கச்சிக்கு ஒரு சேதி. உங்களைப் பற்றி அவுக எழுதியிருந்தாக. இப்ப வர வேண்டாம். ஆறு மாசம் பொறுத்துக்கோங்க. இங்க எல்லாரும் தண்ணியும் பிஸ்கட்டும் வாங்கி வைக்கிறாக, விஷவாயு உள்ள வராம ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டுறோம். எல்லாம் அடங்கின பிறகு வாங்க. எங்க ரூம்ல ஒரு கட்டில் காலியா இருக்கு, அத உங்களுக்குச் சொல்லி வச்சிருக்கேன். முதல் மாசம் அழுகை வரும். நானும் அழுதேன். பயப்படாதீங்க.”

வாசித்துவிட்டுத் தாளை நாலாக மடித்து என்னிடம் நீட்டினார். “தங்கச்சிகிட்டக் குடுங்க.”

வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு நான் நேராக ஆபீசுக்குப் போகவில்லை. மொபெட்டைத் திருத்தங்கல் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஜன்னலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு அம்மா, இல்லாத ஒருத்திக்குக் கட்டில் பிடித்து வைத்திருக்கிறார். இதை நோட்டில் என்னவென்று எழுதுவது? எழுதாமல் விட்டேன். அந்த வேலையில் நான் எழுதாமல் விட்ட முதல் விஷயம் அதுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்கு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மகளுக்குக் காய்ச்சல் என்றிருந்தார், பன் வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால் சாக்கு விரித்து, அதில் கன்னங்கரேலென்று ஒரு தூள் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கிலோ இருக்கும். பக்கத்தில் மெல்லிய துணியும் சல்லடையும் கிடந்தன.

“என்னது அண்ணாச்சி இது?”

அவர் திடுக்கிட்டவர் மாதிரி சாக்கின் ஓரத்தை மடக்கி மூடினார். “சும்மா தம்பி. ஒரு வேலைக்கு.” முகத்தைத் திருப்பிக்கொண்டார். “வாங்க, உள்ள உக்காருங்க.”

மருந்து கலக்கிற ஆள் வீட்டில் கறுப்புத் தூள் காய்கிறது. கேட்டால் மழுப்புகிறார். எனக்கு அந்தக் கோயில் கொடையும் மோர் கொடுத்த கையும் நினைவுக்கு வந்தன. அன்றைக்கும் இப்படித்தான் சிரித்த முகத்தை நம்பிவிட்டு வந்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் மருந்துக்கடைக்குப் போன நேரத்தில் ஒரு சிட்டிகைத் தூளைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டேன். மகள் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

திரும்ப ஒருமுறை அவரிடம் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். நண்பன் கேட்பது போலக் கேட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டாவது சொல்லியிருப்பார். அன்று சாயங்காலமே தூள் பொட்டலத்தோடு எழுதிக் கொடுத்தேன். ‘வீட்டில் கறுப்பு நிறத் தூள், சுமார் இரண்டு கிலோ. விசாரித்தபோது பதில் திருப்தியாக இல்லை.’ அந்தத் தாள் இன்ஸ்பெக்டர் கைக்குப் போன மறுநாள், வியாழக்கிழமை காலையில், சண்டை தொடங்கிவிட்டது. டீக்கடை டிவியில் பாக்தாத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் மேலிடத்திலிருந்து மூன்று முறை போன் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசலில் அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். என்னைக் கிட்டே வர வேண்டாம் என்றார் இன்ஸ்பெக்டர். நான் எதிர்ச்சாரியில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் சைக்கிளை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டைச் சோதித்ததில் ஆறு துணிப்பைகள் அகப்பட்டன. பைகள் என்று முதலில் எழுதினார்கள். விரித்துப் பார்த்தால் அவை முகமூடிகள். நாலு மடிப்புப் பருத்தித் துணி, நடுவில் கரித்தூளைப் பரப்பி, கட்டம் கட்டமாகத் தையல் போட்டு, காதுக்கு நாடா வைத்திருந்தார். அவருடைய தையல்தான், கோணல் மாணலாக இருந்தது. ஆபீசில் உட்கார வைத்துக் கேட்டபோது முதல் மணி நேரத்திலேயே அவர் சொல்லிவிட்டாராம். ‘தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு இடித்த கரி, கரி விஷவாயுவை ஓரளவு உறிஞ்சும், மனைவிக்கும் ரூமில் இருக்கிற மற்ற நர்சுகளுக்கும் தைத்தேன், குவைத் போகிற ஒருத்தரிடம் கொடுத்துவிட இருந்தேன். இது போதுமானதில்லை என்று எனக்கே தெரியும், அதனால்தான் யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.’

“கரிதான்னு எனக்கும் தெரியுதுய்யா,” என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். “ஆனா மேல எழுதியாச்சு. மதுரை லேபுல இருந்து ரிசல்ட் வரணும். திங்கக்கெழம வரைக்கும் இருக்கட்டும்.”

“புள்ள தனியா இருக்கும்யா.”

“பக்கத்து வீட்டுல விட்டிருக்கு. ஒனக்கு எதுக்கு அது?”

சனிக்கிழமை முழுவதும் நான் விருதுநகரில் சுற்றினேன். ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, மறுபடி ரயில் நிலையம். எந்த ஓட்டலிலும் உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட முடியவில்லை. டிவியில் குவைத்தில் சைரன் அடிக்கிறது, ஏவுகணை விழுகிறது என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு அந்த பூத்தில் போன் அடிக்கும். எடுக்க ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே பூத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மத்தியானம் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பஜாரே அந்தப் பேச்சாக இருந்தது. இந்தியா ஜெயித்தால் கொளுத்துவதற்கு ஆட்கள் சரவெடிகளைச் சுருட்டி வாசலில் வைத்திருந்தார்கள். பத்தே முக்காலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா அந்தச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “இவ அம்மா போன் வரும்னு ஒரே அழுகை,” என்றார். என்னைப் பார்த்ததும் சிறுமி ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள்.

“மாமா, அப்பா எங்க?”

“வந்துருவாக,” என்றேன்.

பதினொன்று அடித்தது. போன் அடிக்கவில்லை. பூத்துக்காரர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. சிறுமிதான் எடுத்தாள்.

“அம்மா, அப்பா நேத்தும் வரல, முந்தாநேத்தும் வரல. ஜீப்புல போனாகளாம்.”

நான் ரிசீவரை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

“அக்கா, நான் விருதுநகர்ல இருந்து, வத்தல் மண்டி. அண்ணாச்சியோட…”

“தம்பியா? அவுக எங்க? ஜீப்புங்குதே புள்ள?” குரல் கம்மியிருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

“கம்பெனி ஜீப்புக்கா. அர்ஜெண்டா ஒரு ஆர்டர், லோடு கூட மதுரைக்குப் போயிருக்காக. வழியில லாரி ரிப்பேராம். போன எடுத்துப் பேசச் சொல்லி என்னைய அனுப்புனாக.”

“நல்லா இருக்காகள்ல? நெசமாச் சொல்லுங்க.”

“நல்லா இருக்காகக்கா.”

அப்போது அந்தப் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது. சங்கு ஊதுகிற மாதிரி ஏறி ஏறி இறங்கியது. யாரோ ஓடுகிற காலடி கேட்டது.

“சைரன் அடிக்குது. ஒண்ணுமில்ல, நாலு நாளா அடிக்குது,” என்றார் அவர். “தம்பி, அவுககிட்டச் சொல்லுங்க, ஆஸ்பத்திரில எங்க எல்லாருக்கும் நெசமான மாஸ்க்கே குடுத்துட்டாக. அவுக இனிமே தைக்க வேண்டாம், கண்ணு போயிரும். நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னு சொல்லுங்க. தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு? தலைசுத்தல் கொறஞ்சிருச்சா?”

“கொறஞ்சிருச்சுக்கா.”

“பாத்துக்கோங்க. புள்ளகிட்டக் குடுங்க…”

கொடுப்பதற்குள் லைன் போய்விட்டது. சிறுமி வெறும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டாள்.

பூத்திலிருந்து வெளியே வந்து மொபெட்டை எடுத்தவன் சூலக்கரையில்தான் நிறுத்தினேன். ஆபீசில் யாரோ சின்ன டிவியை மேசைமேல் தூக்கி வைத்து ஆண்டெனாவைத் திருகிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னைத் தடுத்தார்.

“உள்ள போகாத. ஒம் மூஞ்சியப் பாத்தான்னா இம்புட்டு நாள் பழகுனதெல்லாம் போச்சு.”

“போகட்டும்யா,” என்றேன். வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

போர்மேன் பின்னறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாடி. சட்டை வெளியே கிடந்தது. நிமிர்ந்து பார்த்தவர் முதலில் என்னையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

“தம்பி, ஒங்களையுமா? என்னால ஒங்களுக்கும்…”

“அண்ணாச்சி, அக்கா பேசுனாக. நல்லா இருக்காக. ஆஸ்பத்திரில மாஸ்க் குடுத்துட்டாகளாம். சாப்பிட்டேன்னு சொல்லச் சொன்னாக.”

“எத்தன மணிக்கு?”

“பதினொன்னு பத்துக்கு.”

“கொரலு எப்படி இருந்துச்சு?”

“தொண்ட கட்டியிருந்துச்சு. மத்தபடி தெளிவாத்தான் பேசுனாக.”

“நைட் டூட்டி பாத்தா அப்படித்தான் இருக்கும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கதவோரம் நின்ற கான்ஸ்டபிள் ஒரு பையன், பழக்கத்தில் என்னைப் பார்த்து, “ஏட்டய்யா, டீ சொல்லவா?” என்றான்.

அவர் கையை எடுத்தார். என் செருப்பிலிருந்து தலைவரைக்கும் பார்த்தார். முன்னறையில் டிவியில் ஆட்டம் தொடங்கிவிட்டது, எல்லாரும் கத்தினார்கள். அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. அன்று சாயங்காலம் சிவகாசியில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை என்று மறுநாள் தாளில் எழுதினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மதுரையிலிருந்து பதில் வந்தது. கரி. அவரை அனுப்பிவிட்டார்கள். கம்பெனியில் அவரை மருந்து ரூமுக்குள் விடவில்லை. பீரோவில் இருந்த காக்கியை எடுத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முதலாளியைப் பார்க்கப் போனேன். போர்மேன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா? தங்கமான மனுசன்,” என்றார் முதலாளி. “ஆனா நாளைக்கு ஒரு ஆக்சிடெண்ட் ஆச்சுன்னா, போலீஸ் வந்த ஆள எதுக்கு வச்சிருந்தன்னுதான மொதல்ல கேப்பாக? காபி சாப்பிடுங்க ஏட்டய்யா.” அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. போர்மேன் ஒரு காலண்டர் அச்சகத்தில் மை கலக்குகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த மே மாதத்திலேயே அவர் மனைவி லீவில் வந்துவிட்டார் என்று பூத்துக்காரர் சொன்னார். மூன்று நாள் யோசித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெயில் தாள் சட்டைப் பையில் இருந்தது. திருப்பிக் கொடுக்கவா, வைத்துக்கொள்ளவா என்று தெரியாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கதவைத் திறந்தது அந்த அம்மா. நான் நினைத்ததைவிடக் குள்ளம். தலைமுடி நரைக்க ஆரம்பித்திருந்தது. நான் யார் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“தெரியுது. உள்ள வர வேண்டாம்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நோயாளியின் வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். “ஒங்க வேலைய நீங்க பாத்தீக. அவுகளப் பிடிச்சிட்டுப் போனதக்கூட நான் விட்டுட்டேன். ஆனா அங்க எல்லாரும் பதுங்குற பங்கருக்கு ஓடுறாக, நான் ரிசீவரப் பிடிச்சிக்கிட்டு நின்னு ஒங்க பொஞ்சாதி ஒடம்ப விசாரிச்சேன். அதுக்கும் ஒரு பதில் சொன்னீக பாருங்க, கொறஞ்சிருச்சுன்னு. அத எப்படிச் சொன்னீக?”

மெயில் தாளை எடுக்காமல் பையிலேயே விட்டுவிட்டேன். அவருக்குப் பின்னால் போர்மேன் வந்து நின்றார். என் கண்ணைப் பார்க்காமல், “போங்க,” என்றார். எங்கள் பக்கத்தில் எவ்வளவு வேண்டாத ஆளாக இருந்தாலும் ‘போயிட்டு வாங்க’ என்றுதான் சொல்வார்கள்.

அங்கிருந்து நேராகச் சாத்தூர் பஸ் ஏறினேன். என் மனைவி அவள் அம்மா வீட்டு முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, பிரவுசிங் சென்டரில் தொடங்கி ‘போங்க’ வரைக்கும் சொன்னேன். இல்லாத அந்த நர்சைப் பற்றியும் சொன்னேன். அவள் ஊர், அவள் வார்டு, தலைசுத்தல் எல்லாவற்றையும். என் மனைவி பூண்டை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவளுக்கு என்ன பேரு வச்சீக?” என்று மட்டும் கேட்டாள்.

“பேரு வைக்கல. எங்க வீட்டுலன்னுதான் சொன்னேன்.”

அவள் அடுத்த பூண்டை எடுத்து உரித்தாள். அன்று என்னோடு வரவில்லை. நான் அந்த வாரம் உளவு வேலையிலிருந்து மாற்றிவிடும்படி எழுதிக் கொடுத்தேன். ‘இந்த வேலைக்கு மனதளவில் தகுதியில்லை’ என்று என் பைலில் எழுதினார்கள், நான் ஆட்சேபிக்கவில்லை. விருதுநகர் பஜாரில் டிராபிக் டூட்டி கிடைத்தது. பருப்பு லாரிகளும் எண்ணெய் டின் ஏற்றின வண்டிகளும் நெரிகிற முனையில், எல்லாரும் பார்க்கும்படி, காக்கியில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருப்பேன். ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் சாத்தூர் பஸ் அந்த முனையில் திரும்பியபோது, என் மனைவி ஜன்னலோரம் மடியில் இரண்டு பையோடு உட்கார்ந்திருந்தாள். நான் பஸ்ஸுக்கு வழி விட்டேன். டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழாயடியில் யார் யார் நின்றார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கேட்காமல் கை கழுவப் போனேன்.